மஞ்சள் கடுதாசியும் மறுமைக் கணக்கும்

வியாபாரத்தில் நொடித்துப் போனவரைப் பற்றி "ஐ.பி. கொடுத்துவிட்டார்" என்று நம் ஊர்களில் பேசிக்கொள்வார்கள். "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்றும் சொல்வதுண்டு. கோர்ட்டில் மனுப்போட்ட அன்றோடு கடன் ஒழிந்தது என்று கடன்பட்டவர் எண்ணிக் கொள்கிறார். கொடுத்தது போயிற்று என்று கடன் கொடுத்தவர் தலையில் கை வைத்துக் கொள்கிறார். இந்த இரண்டு எண்ணமும் சரியா? கைவசம் ஒன்றும் இல்லாதவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது? பாதியில் நின்ற ஒப்பந்தங்களின் கதி என்ன? கோர்ட்டு விடுவித்த கடன் மறுமையில் விசாரிக்கப்படுமா? இவற்றை மார்க்கச் சட்டத்தையும் நம் நாட்டுச் சட்டத்தையும் அருகருகே வைத்து நாம் இங்கு காண்போம்.

பட்டுத் தறியில் ஓர் ஒப்பந்தச் சங்கிலி

பாடம் எளிதில் விளங்கக் காஞ்சிபுரத்துப் பட்டுத் தொழிலையே எடுத்துக் கொள்வோம். கோயில்களும் தறிகளும் நிறைந்த அவ்வூரில், ஒலிமுகமதுபேட்டை முதலிய இடங்களில் வாழும் நம்மவர்களுக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் புதிதன்று.

பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகைக்குச் சூரத் பேர்போனது. நூல் வியாபாரி கடனுக்கு நூல் தருகிறார். மாஸ்டர் வீவரோ கூட்டுறவுச் சங்கமோ பாவையும் ஊடையையும் ஜரிகையையும் நெசவாளியின் கையில் ஒப்படைக்கிறது. நெசவாளி கூலிக்கு நெய்து தருகிறார். சேலை கடைக்குப் போகிறது. கல்யாண வீட்டார் அச்சாரம் கொடுத்து, இன்ன நிறம், இன்ன கரை, இன்ன தேதி என்று ஆர்டர் செய்கிறார்கள்.

இதில் எத்தனை ஒப்பந்தங்கள் என்று எண்ணிப் பாருங்கள். விற்பனை, கடன், அமானிதம், கூலி, செய்து தரும் ஒப்பந்தம் என ஐந்து வகை ஒரே சேலைக்குள் அடங்கியிருக்கின்றன. நடுவில் ஒருவர் நொடித்தால் மேலும் கீழும் எல்லாருக்கும் அடி விழுகிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்து கல்யாணங்கள் தள்ளிப் போனபோது, ஆர்டர்கள் நின்று தறிகள் ஓய்ந்ததை நாடே பார்த்தது. அன்று கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமற் போனவர்கள் எல்லாரும் மோசக்காரர்கள் அல்லர். அதே சமயம், அந்தச் சாக்கில் கையில் பணம் வைத்துக்கொண்டே கையை விரித்தவர்களும் இல்லாமலில்லை. இந்த இரு சாராரையும் பிரித்தறிவதுதான் மார்க்கச் சட்டத்தின் முதல் வேலை.

எது யாருடைய பொருள்?

ஒருவர் திவாலானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அவர் கையிலிருப்பவற்றில் எது அவருடையது என்பதே.

நெசவாளியின் தறியிலிருக்கும் பாவும் ஜரிகையும் அவருடையவை அல்ல, அவை அமானிதம். அவர் கடனாளியானால் அவருடைய கடன்காரர்கள் அந்தப் பாவின் மீது கை வைக்க முடியாது. அது கொடுத்தவருக்கே திரும்ப வேண்டும். மாறாக, மாஸ்டர் வீவர் நொடித்தால் தறியிலிருக்கும் பட்டு அவருடைய சொத்துக் கணக்கில் சேரும். ஆனால் நெய்தவரின் கூலி என்னாவது?

சாயம் போடுபவர், துணி வெளுப்பவர் போன்று தம் வேலையின் அடையாளம் பொருளில் பதியும்படி உழைப்பவர், கூலி கைக்கு வரும்வரை அந்தப் பொருளைத் தம்மிடமே நிறுத்திக் கொள்ளலாம் என்று ஹனஃபி ஃபிக்ஹு நூலான ஹிதாயா கூறுகிறது. நெசவாளிக்கும் இது பொருந்தும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவிலும் இதே உரிமை இருக்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, உழைப்போ திறமையோ செலவிட்டு ஒரு பொருளைச் சீர்செய்தவர், அந்த வேலைக்குரிய கூலிக்காக அப்பொருளைப் பிடித்து வைத்துக் கொள்ளலாம். நெய்த சேலையைக் கொடுத்துவிட்டுக் கூலிக்கு அலைவதைவிட, சேலையைக் கையில் வைத்துக்கொண்டு கூலி கேட்பது எவ்வளவோ மேல் என்பதை உழைப்பாளிகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இனி நூல் வியாபாரியின் நிலை. கடனுக்குக் கொடுத்த நூல் வாங்கியவரிடம் அப்படியே இருக்கிறது, அவரோ திவாலாகிவிட்டார். தம் பொருளை அப்படியே கண்டுகொண்டவர் மற்றக் கடன்காரர்களைவிட அதற்கு அதிக உரிமையுடையவர் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இதைக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபில், விலை பெறாத வியாபாரி விற்பனையை ரத்துச் செய்து பொருளைத் திரும்ப எடுத்துக் கொள்ளலாம். அந்தப் பொருளில் வேலை செய்து மதிப்பு ஏறியிருந்தால், ஏறிய பங்கு திவாலானவரின் கணக்கில் சேரும். ஹனஃபி மத்ஹபிலோ, பொருளை ஒப்படைத்த பின் வியாபாரியும் மற்றக் கடன்காரர்களுள் ஒருவரே. சரிசமமாகப் பங்கு பெறுவார். இரு மத்ஹபினரும் கலந்து வியாபாரம் செய்யும் நம் தமிழகத்தில், எந்த அடிப்படையில் கடனுக்குப் பொருள் கொடுக்கிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக் கொள்வது வீண் சச்சரவைத் தவிர்க்கும். கடனை எழுதிக் கொள்ளும்படி சூரா பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிடுவதும், குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுவாக இருப்பதும் சிந்திக்கத் தக்கவை.

அச்சாரமும் ஆர்டரும்

அளவு, நிறம், தரம் எல்லாம் சொல்லிச் செய்யச் சொல்வதை ஃபிக்ஹில் "இஸ்திஸ்னா" என்பார்கள். செய்து முடித்த பொருளைப் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஆர்டர் கொடுத்தவருக்கு உண்டு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. சொன்னபடியே செய்திருந்தால் அவ்வுரிமை இல்லை என்பது இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. துருக்கிய உதுமானிய ஆட்சியில் 1876ஆம் ஆண்டு நிறைவு பெற்ற "மஜல்லா" என்ற சட்டத் தொகுப்பு, தன் 392ஆம் விதியில் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்தையே ஏற்றுக் கொண்டது. காரணம் தெளிவானது. ஒருவர் பெயருக்கென்று நெய்த சேலையை அவர் ஒதுக்கிவிட்டால், அதே விலைக்கு வேறொருவர் வாங்குவார் என்பதற்கு என்ன உறுதி?

ஆர்டர் ரத்தானால் அச்சாரத்தைக் கடைக்காரர் எடுத்துக் கொள்ளலாமா? ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் இது கூடாது. ஹன்பலி மத்ஹபில் ஆகும். நம் நாட்டுச் சட்டத்திலும், ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான நஷ்டஈட்டுக்கு மேல் கேட்க முடியாது என்பது ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவு. ஆகவே பாவு போடுவதற்கு முன்பே ரத்துச் செய்தவரிடம் முழு அச்சாரத்தையும் விழுங்குவது நேர்மையாகாது. வருந்தி வந்து, ஒப்பந்தத்தை விட்டுத்தரும்படி கேட்பவருக்கு விட்டுக் கொடுப்பவரின் சறுக்கல்களை அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்தில் அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் ஹதீஸ் வந்துள்ளது. இருவர் மனமொப்பி முறித்துக் கொள்ளும் இதற்கு "இகாலா" என்று பெயர்.

திவாலும் ஷரீஅத்தும்

கடன்பட்டவர் கஷ்டத்திலிருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும்; விட்டுக் கொடுத்துவிட்டால் அது இன்னும் சிறந்தது. இது சூரா பகராவின் 280ஆம் வசனம் தரும் கட்டளை. அதே வேளையில், வசதியுள்ளவன் கடனைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது அநியாயம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இல்லாதவனுக்கு இரக்கம், இருப்பவனுக்கு நெருக்கடி: இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கடன் சொத்தை மிஞ்சி, கடன்காரர்கள் முறையிட்டால் காஜி அவருடைய சொத்தை முடக்கி, விற்று, விகிதப்படி பங்கிடலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் சொத்து இவ்வாறு விற்கப்பட்ட செய்தியை ஆதாரமாகக் காட்டுவார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், புத்தியுள்ள ஒருவரின் சொத்துரிமையை முடக்குவதை ஏற்கவில்லை. ஆனால் அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் ஏற்றார்கள்.

பங்கீட்டுக்கு ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு ஜவுளிக் கடைக்காரருக்கு மொத்தக் கடன் ரூ. 16 லட்சம். நூல் வியாபாரிக்கு 8 லட்சம், நண்பருக்கு 4 லட்சம், மாஸ்டர் வீவருக்கு 3 லட்சம், அச்சாரம் கொடுத்த கல்யாண வீட்டாருக்கு 1 லட்சம். சொத்தெல்லாம் விற்றதில் வந்தது ரூ. 4 லட்சம். ரூபாய்க்கு 25 காசு விழுகிறது. முறையே 2 லட்சம், 1 லட்சம், 75 ஆயிரம், 25 ஆயிரம் கிடைக்கும். நண்பராயிற்றே என்று ஒருவருக்கு மட்டும் ரகசியமாக முழுதும் கொடுத்தால், அது மற்ற மூவரின் பங்கைக் களவாடியதற்குச் சமம்.

நம் நாட்டுச் சட்டம்

காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் தனி நபர் திவாலுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டமே பொருந்துகிறது. சென்னை, மும்பை, கல்கத்தா நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டில் வந்த புதிய திவால் சட்டம் கம்பெனிகளுக்கானது. தனி மனிதர்களுக்கான அதன் பகுதி, 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே அமலுக்கு வந்தது.

1920ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் திவாலானவர் என்று கோர்ட்டு அறிவித்ததும் அவருடைய சொத்து கோர்ட்டின் அல்லது ரிசீவரின் வசமாகிறது. அதன்பின் கோர்ட்டு அனுமதியின்றிக் கடன்காரர்கள் தனித்தனியே வழக்காட முடியாது. அடமானம் பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. உடுதுணி, சமையல் பாத்திரம், கைவினைஞரின் கருவிகள் போன்று ஜப்தி செய்யக் கூடாதவை தப்பும். தன் கையால் நெய்து பிழைப்பவர் தம் தறிக்கு இந்தப் பாதுகாப்பைக் கோரலாம். திவாலானவரின் தொழிற்கருவியை விட்டுவைக்க வேண்டும் என்று ஹன்பலி ஃபிக்ஹு நூல்களும் கூறுவது குறிப்பிடத் தக்கது.

தந்திரங்களுக்கும் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. திவாலாவதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் விலையின்றி எழுதிக் கொடுத்த சொத்தை 53ஆம் பிரிவின்படி ரத்துச் செய்யலாம். மனுவுக்கு முந்திய மூன்று மாதத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்ததை 54ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. மனைவி பேரில் வீட்டை எழுதிவிட்டு மனுப்போடும் வழக்கம் சட்டத்துக்கும் பொருந்தாது, ஈமானுக்கும் பொருந்தாது.

கையில் ஒன்றுமில்லாதவரைச் சிறைக்கு அனுப்பலாமா? 1980ஆம் ஆண்டு ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், நேர்மையாக வறுமையுற்றவரைக் கடன் கொடுக்கவில்லை என்பதற்காக மட்டும் சிறையிலடைக்கக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. வசதியிருந்தும் மறுப்பவரின் கதை வேறு என்றும் கூறியது. பகராவின் 280ஆம் வசனத்தையும், இழுத்தடிப்பது அநியாயம் என்ற ஹதீஸையும் சேர்த்துப் படித்தவருக்கு இந்தப் பாகுபாடு புதிதாகத் தோன்றாது.

கைவிடப்படும் ஒப்பந்தங்கள்

ஒருவர் நொடிக்கும்போது பாதியில் நிற்கும் ஒப்பந்தங்கள் உண்டல்லவா? நஷ்டம் தரும் ஒப்பந்தத்தைத் தொடர்ந்தால் எஞ்சிய சொத்தும் கரைந்து போகும். ஆகவே 1909ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய ஒப்பந்தத்தைக் கைவிடும் அதிகாரத்தைச் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரிக்குக் கொடுத்தது. கலைக்கப்படும் கம்பெனிகளின் விஷயத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ஆனால் கைவிடுவது என்றால் எதிர்த்தரப்பை வெறுங்கையாக விரட்டுவது அல்ல. அதனால் நஷ்டமடைந்தவர் அந்த நஷ்டத்துக்குக் கடன்காரராகக் கணக்கில் சேர்க்கப்படுவார். மற்றவர்களோடு அவருக்கும் விகிதப் பங்கு உண்டு.

எதிர்த்தரப்பார், "நீ திவாலாகிவிட்டாய், இனி ஒப்பந்தம் இல்லை" என்று முறிக்கலாமா? குஜராத்தில் ஆஸ்டன்ஃபீல்டு என்ற சூரியமின் கம்பெனி நொடித்தபோது, அதன் ஒரே மின்சாரக் கொள்முதலாளரான குஜராத் ஊர்ஜா விகாஸ் நிகம், திவாலைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க முனைந்தது. அந்த ஒப்பந்தம் போனால் கம்பெனியின் உயிரே போய்விடும் என்பதால், திவாலை மட்டும் காரணமாக்கி முறிக்கக் கூடாது என்று 2021 மார்ச் 8ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் டாட்டா கன்சல்டன்சி வழக்கில், வேலையில் குறை வைத்ததற்காக முறித்தால் அது செல்லும் என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நீதி புலப்படும். விழுந்தவனை, விழுந்ததற்காகவே மிதிக்கக் கூடாது. வாக்குத் தவறியவன் விழுந்ததைக் காட்டித் தப்பவும் கூடாது.

சமரசம் செய்யும் முறை

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனை இப்னு அபீஹத்ரத் (ரலி) அவர்களிடம் பள்ளிவாசலில் கேட்டபோது இருவர் குரலும் உயர்ந்தது. நபி (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியை விட்டுக் கொடுக்கும்படி கஅப் அவர்களுக்குச் சைகை காட்டினார்கள். அவர் சம்மதித்ததும், எழுந்து மீதியைக் கொடுத்துவிடும்படி மற்றவருக்குக் கட்டளையிட்டார்கள். விட்டுக் கொடுத்தலும் உடனே தீர்த்தலும் ஒரே இடத்தில் நடந்தன.

ஆனால் உஹதில் ஷஹீதான தம் தந்தையின் கடனுக்காக ஜாபிர் (ரலி) அவர்கள் தவித்தபோது நடந்தது வேறு. தோட்டத்துப் பழங்களைப் பெற்றுக்கொண்டு மீதியை விட்டுவிடும்படி நபியவர்கள் பரிந்துரைத்தும் கடன்காரர்கள் மறுத்தார்கள். பெருமானார் அவர்களை வற்புறுத்தவில்லை. பின்னர் அல்லாஹ்வின் பரக்கத்தால் கடன் முழுதும் தீர்ந்தது.

இதிலிருந்து முக்கியமான சட்டம் ஒன்று கிடைக்கிறது. விட்டுக் கொடுப்பது கடன் கொடுத்தவரின் விருப்பம். ஒருவர் விட்டது மற்றவரைக் கட்டுப்படுத்தாது. நம் நாட்டுச் சட்டமோ, கடன்காரர்களில் பெரும்பான்மையினரும் கடன் தொகையில் முக்கால் பங்குக்கு உரியவர்களும் சமரசத்தை ஏற்று, கோர்ட்டும் ஒப்பினால், மறுத்தவரையும் அது கட்டுப்படுத்தும் என்கிறது. ஒழுங்குக்காக அது அவசியமே. ஆனால் மறுத்தவரின் மீதிப் பணம் மனச்சாட்சியில் கடனாகவே நிற்கிறது என்பதை முஃமின் மறக்கலாகாது.

விடுதலைக்குப் பின்

முன் சொன்ன கடைக்காரருக்குக் கோர்ட்டு விடுதலை கொடுத்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். ரூ. 4 லட்சம் பங்கிடப்பட்டது; மீதி 12 லட்சம்? மோசடியால் வந்த கடனைத் தவிர மற்றவற்றைச் சட்டம் பொதுவாக விடுவித்துவிடும். மூன்று ஆண்டு கடந்த கடனுக்கும் இதே நிலைதான். காலாவதி என்று கோர்ட்டு தள்ளிவிடும்.

பழம் வாங்கி நஷ்டப்பட்ட ஒருவருக்கு நபியவர்கள் மக்களிடம் தர்மம் திரட்டினார்கள். அதுவும் போதவில்லை. கிடைத்ததை எடுத்துக் கொள்ளுங்கள், அதற்குமேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் கடன்காரர்களிடம் கூறினார்கள். முஸ்லிமில் வரும் இந்த ஹதீஸுக்கு, இப்போதைக்கு அதற்குமேல் நெருக்க வழியில்லை என்றே சட்ட மேதைகள் பொருள் கூறினார்கள். மீதிக் கடன் அழிந்துவிட்டது என்று அல்ல. வசதி வந்தால் கொடுக்கத்தான் வேண்டும். ஷஹீதின் பாவங்களும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்ற எச்சரிக்கையும் இதற்கே. இது ஹக்குல் இபாத், மனிதரின் உரிமை. தௌபாவால் மட்டும் தீராது. உரியவர் பெற வேண்டும், அல்லது மனமார விட வேண்டும்.

ஆகவே அந்தக் கடைக்காரர் நான்கு பெயரையும் மீதித் தொகையையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். கை நிமிர்ந்ததும் சிறுகச் சிறுகக் கொடுக்கட்டும். முடியாவிட்டால் நேரில் சென்று மன்னிப்புக் கேட்கட்டும். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையாரில் கடனாளிகளும் உண்டு என்பதால், ஆகுமான வழியில் கடன்பட்டு நொடித்தவருக்கு ஜகாத் கொடுத்துத் தூக்கிவிடுவது ஜமாஅத்தின் பொறுப்பு.

வீட்டிலுள்ளோர் கவனத்திற்கு

குடும்பத் தலைவரின் கடன் விவரத்தை வீட்டில் நம்பகமான ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். அவர் இறந்தால், பாகப்பிரிவினைக்கு முன் கடனைத் தீர்ப்பதே சூரா நிஸாவின் 11ஆம் வசனம் விதிக்கும் முறை. மனைவிக்குக் கொடுக்காத மஹரும் கடனே. அவளும் ஒரு கடன்காரி. அவளுடைய சொந்த நகை கணவனின் திவால் சொத்தில் சேராது. ஆனால் கணவனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அவளும் பொறுப்பாகிவிடுவாள். ஆகவே படித்துப் பார்க்காமல், தொகை தெரியாமல் எந்தக் காகிதத்திலும் பெண்கள் கையெழுத்திட வேண்டாம்.

ஆர்டர் கொடுப்போர் நிறம், அளவு, தேதி, அச்சாரத் தொகை ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். கடன் கொடுப்போர் இரண்டு சாட்சிகளை வைத்துக் கொள்ள வேண்டும். நொடிப்பு நெருங்குவதை உணர்ந்தவர் புதிய அச்சாரம் வாங்குவதை அன்றே நிறுத்திவிட வேண்டும். நிறைவேற்ற முடியாது என்று தெரிந்தும் வாங்கும் பணம், கடன் என்ற பெயரில் நடக்கும் திருட்டு.

தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வந்தும், பிறர் பொருளைத் தின்ற காரணத்தால் நன்மைகளையெல்லாம் இழந்து நிற்பவனே உண்மையான திவாலாளி என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். இவ்வுலகத் திவாலுக்கு அவகாசம் உண்டு, சமரசம் உண்டு. அந்தத் திவாலுக்கு அவை இல்லை. தொழுகையிலேயே கடனை விட்டுப் பாதுகாப்புத் தேடிய பெருமானாரின் வழியில் நாமும் பாதுகாப்புத் தேடுவோம். கடன்பட்டோருக்குக் கொடுக்கும் நாட்டத்தையும் வசதியையும், கடன் கொடுத்தோருக்குப் பொறுமையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.